அழித்த பதிவுக்கு அடியில் இருந்தது

கேள்வி இது: விஞ்ஞானிகள் சிலர் ஒரு பழைய மாளிகைக்குக் குடிபோய், அங்கே உலவும் பேயைக் கருவிகளால் ஆராய முற்படும் பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் படம் ஒன்றை எப்போதோ பார்த்த நினைவு, கல்லே ஒலிநாடா போலச் செயல்படுகிறது என்று அதில் ஒருவர் விளக்கினார், அது எந்தப் படம், இன்றும் பார்க்கத் தகுந்ததா, அந்தக் கல் கோட்பாட்டில் உண்மை ஏதேனும் உண்டா?

படத்தின் பெயர் 'தி ஸ்டோன் டேப்'. பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் 1972 டிசம்பர் 25 அன்று இரவு ஒளிபரப்பானது; நீளம் ஒன்றரை மணி நேரம். எழுதியவர் நைஜல் நீல். 1950களில் குவாட்டர்மாஸ் என்ற விஞ்ஞானியை நாயகனாக வைத்து மூன்று தொடர்கள் எழுதி, பிரிட்டனின் தெருக்களை இரவில் வெறிச்சோடச் செய்தவர் என்று பெயர் பெற்றவர். இயக்கியவர் ஹங்கேரியில் பிறந்த பீட்டர் சாஸ்டி. ஹாமர் நிறுவனத்துக்காக டிராகுலா படம் உட்படச் சில திகில் படங்களை அப்போதுதான் இயக்கி முடித்திருந்தார். கிறிஸ்துமஸ் இரவில் பேய்க் கதையா என்று நமக்கு வியப்பாக இருக்கலாம். ஆங்கிலேயரிடம் அது நெடுநாள் வழக்கம். டிக்கன்ஸின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதையே பேய்கள் நடத்தும் கதைதான், எம். ஆர். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களை அமர்த்தி, தாம் எழுதிய பேய்க் கதைகளை மெழுகுவத்தி ஒளியில் வாசித்துக் காட்டுவார். 'தி ஸ்டோன் டேப்' ஒளிபரப்பாவதற்கு முந்தைய இரவில்கூட ஜேம்ஸின் கதை ஒன்றைத்தான் பிபிசி படமாக்கிக் காட்டியது.

இனிமேல் எழுதப்போவதில் கதையின் முடிவும் வந்துவிடும். அதை மறைத்துவிட்டு இந்தப் படத்தைப் பற்றி உருப்படியாக எதையும் சொல்ல இயலாது என்பதால், முடிவு தெரியாமல் பார்க்க விரும்புவோர் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

ரயன் எலக்ட்ரிக்ஸ் என்ற கற்பனை நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு, டாஸ்கர்லாண்ட்ஸ் என்ற பழைய மாளிகைக்கு இடம் மாறுகிறது. பிரிவின் தலைவர் பீட்டர் பிராக்; மைக்கேல் பிரையன்ட் நடித்திருக்கிறார். ஒலிப்பதிவுக் கருவிகளின் சந்தையில் ஜப்பானிய நிறுவனங்கள் முன்னே போய்விட்ட காலம் அது. காந்த நாடாவையே தேவையற்றதாக்கிவிடக்கூடிய ஒரு புதிய பதிவு ஊடகத்தைக் கண்டுபிடித்து அவர்களை முந்திவிட வேண்டும் என்பது பிராக்கின் வெறி. அவருடைய குழுவில் உள்ள ஒரே பெண் ஜில் கிரீலி, கணினி நிரலாளர். ஜேன் ஆஷர் நடித்திருக்கிறார். பிராக் மணமானவர், ஆனாலும் இருவருக்கும் இடையே உறவு இருந்திருக்கிறது.

படத்தின் முதல் நிமிடங்களை உற்றுப் பார்க்க வேண்டும். ஜில் தம் காரில் மாளிகை வாசலுக்கு வந்து சேர்கிறார். நிறுவனத்தின் பெரிய லாரிகள் இரண்டு, நடுவே ஒரு கார் நிற்பதை அறியாமல், இரண்டு பக்கத்திலிருந்தும் பின்னோக்கி நகர்ந்து வருகின்றன. காரை எடுத்துக்கொண்டு அவர் எப்படியோ தப்பிவிடுகிறார்; ஆனால் நடுங்கிப்போகிறார். சுற்றிலும் அத்தனை ஆண்கள் சிரித்துக்கொண்டும் கத்திக்கொண்டும் சாமான்களை இறக்கிக்கொண்டிருக்க, ஒருவருக்கும் அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. கதை முழுவதும் ஜில்லுக்கு நேரப்போவதெல்லாம் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு பெரிய எந்திரங்களுக்கு நடுவே சிக்கியவரின் குரல் யார் காதிலும் விழுவதில்லை.

மாளிகையில் கணினித் தரவுகளைச் சேமித்துவைக்க ஒதுக்கப்பட்ட அறையின் வேலை மட்டும் முடியாமல் கிடக்கிறது. காரணம் கேட்டால், கட்டட வேலைக்கு வந்தவர்கள் அந்த அறையில் வேலை செய்ய மறுத்துப் போய்விட்டார்கள் என்று மாளிகையின் பொறுப்பாளர் காலின்சன் சங்கடத்தோடு சொல்கிறார். சுவரை மூடியிருந்த மரப்பலகையைப் பெயர்த்துப் பார்க்கையில் உள்ளே மாளிகையைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்த கற்சுவர் தெரிகிறது. எங்கும் போய்ச் சேராமல் பாதியில் நின்றுவிடும் கற்படிகள் தெரிகின்றன. இரண்டாம் உலகப் போரில் அங்கே தங்கியிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுச்சென்ற இறைச்சி டின்கள் கிடைக்கின்றன. முன்னொரு காலத்தில் அந்த வீட்டில் இருந்த குழந்தை ஒன்று கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எழுதிய கடிதம் கிடைக்கிறது. அந்தக் குழந்தை பொம்மை எதையும் கேட்கவில்லை. 'அது' அங்கிருந்து போய்விட வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறது. நூறு பக்கம் வருணித்தாலும் வராத அச்சத்தை நீல் இந்த ஒரு காகிதத்தில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்.

அறைக்குள் தனியே போகும் ஜில்லுக்கு ஒரு பெண் அந்தப் படிகளில் ஓடி ஏறுவதும், அலறுவதும், விழுவதும் தெரிகின்றன. பிறகு குழுவில் மற்றவர்களுக்கும் காலடியோசையும் அலறலும் கேட்கின்றன. விசாரித்ததில், 1890-இல் அந்த வீட்டில் வேலை பார்த்த இளம்பெண் ஒருத்தி அந்தப் படிகளிலிருந்து விழுந்து இறந்த செய்தி வெளிவருகிறது. ஊர்ப் பாதிரியாரின் பதிவேடுகளைப் புரட்டும்போது இன்னொன்றும் தெரிகிறது. அந்த இடத்தில் பேயோட்டும் சடங்கு ஒன்று நடந்து, பலிக்காமல் போயிருக்கிறது. ஆனால் அது நடந்தது அந்த வேலைக்காரப் பெண் பிறப்பதற்கும் வெகுகாலம் முன்பு. அப்படியானால் அன்று யாரை ஓட்ட முயன்றார்கள்? பிராக் இந்தக் கேள்வியின் மேல் நிற்பதே இல்லை. ஜில்லால் அதை விட முடிவதில்லை.

மாந்திரீகம், சடங்கு, ஆவி என்று வரும் மற்றப் படங்களிலிருந்து இது பிரியும் இடம் இதுதான். அந்தக் காலத்துத் தொலைக்காட்சிப் பேய்ப் படங்களில் அமானுஷ்யத்தை அறிந்த ஒரு பெரியவர் இருப்பார். அவர் பழைய ஏடு ஒன்றைத் திறந்து விளக்கம் சொல்வார். இங்கே அப்படி ஒருவரும் இல்லை. பிராக்குக்குப் பேய் என்பது பொறியியல் சிக்கல். கேட்கும் அலறலை ஒலிவாங்கி வைத்துப் பிடிக்கப் பார்க்கிறார்கள். எந்தக் கருவியிலும் எதுவும் பதிவாவதில்லை. காதில் கேட்கிறது, நாடாவில் இல்லை. குழுவில் ஒருவருக்கு ஒன்றுமே கேட்பதில்லை, சிலருக்கு ஒலி மட்டும் கேட்கிறது, ஜில்லுக்கு மட்டும் உருவமும் தெரிகிறது. இவற்றை வைத்து பிராக் ஒரு முடிவுக்கு வருகிறார். அறையில் ஒலி என்று ஒன்று இல்லவே இல்லை. கல் எதையோ பதிந்து வைத்திருக்கிறது. மனித மூளைதான் அதை வாசித்துக் காட்டும் கருவி. ஒவ்வொரு மூளையும் தன் திறனுக்கு ஏற்றபடி வாசிக்கிறது. சாகும் நேரத்தில் ஒரு பெண்ணுக்கு ஏற்பட்ட பேரச்சம் கல்லில் ஏறிவிட்டது. நாடாவும் வேண்டாம், கருவியும் வேண்டாம். அவர் தேடிக்கொண்டிருந்த ஊடகம் கண்முன்னே சுவராக நிற்கிறது!

இந்த இடத்தில் பிராக்குக்குப் பிறக்கும் உற்சாகம் பேயைவிடப் பயமூட்டுவது. செத்துப்போன ஒருத்தியின் கடைசி நொடியைக் கண்டெடுத்திருக்கிறார்கள். அவர்கள் பேசுவதெல்லாம் காப்புரிமையும் சந்தையும். அந்தப் பதிவைத் தங்கள் விருப்பப்படி ஓடவைக்க வேண்டும் என்று, விதவிதமான ஒலிகளையும் அதிர்வுகளையும் அறைக்குள் செலுத்துகிறார்கள். கருவிகள் இரைகின்றன, மனிதர்கள் கத்துகிறார்கள், கல் வாய் திறப்பதில்லை. எல்லோரும் சோர்ந்துபோன நேரத்தில் அலறல் ஒருமுறை எழுகிறது. அதோடு சரி. பிறகு அந்த அறையில் எதுவும் கேட்பதில்லை. அவர்கள் பதிவை அழித்துவிட்டார்கள்.

நாடாவில் பதிவு அழிவது எப்படி என்பதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். கதையின் ஆணிவேர் அதில்தான் இருக்கிறது. ஒலிநாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்களைப் பூசியது. பதிவுத் தலை அந்தத் துகள்களின் காந்தத் திசைகளை ஒலிக்கு ஏற்ப ஒழுங்குபடுத்துகிறது. மின்சாரம் நின்ற பிறகும் அந்த ஒழுங்கு அப்படியே தங்கிவிடுகிறது. அழிக்கும் தலை வேகமாகத் திசை மாறும் காந்தப்புலத்தைச் செலுத்தி அந்த ஒழுங்கைக் கலைக்கிறது. கேசட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஒரே கேசட்டில் பழைய பாட்டின் மேல் புதிய பாட்டைப் பதிந்து, அதன் மேல் இன்னொன்றைப் பதிந்து ஓட்டியிருக்கிறோம். எங்கள் வீட்டிலிருந்த மலிவான ரெக்கார்டரில் அழிக்கும் தலை சரியாக வேலை செய்யாது. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே உள்ள மௌனத்தில், எப்போதோ பதிந்த பேச்சுக் குரல் ஒன்று கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல் மெலிதாகக் கேட்கும். சுற்றிவைத்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தம் பக்கத்துச் சுற்றுக்கும் சிறிது ஏறிவிடுவது உண்டு. அதனால் பாடகர் வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்பே அவர் குரலின் நிழல் வந்துவிடும். அந்த ஒலிகளைக் கேட்டவர்களுக்கு, ஜில் கண்டுபிடிப்பது என்ன என்று விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை.

ஜில் கண்டுபிடிப்பது இதுதான்: வேலைக்காரப் பெண்ணின் அலறல் மேலே இருந்த பதிவு மட்டுமே. மேலே ஒன்று தெளிவாக இருந்தவரை அடியில் இருந்தது மறைந்து கிடந்தது. அந்த அடிப் பதிவு ஏழாயிரம் ஆண்டுகள் பழையதாக இருக்கலாம் என்று அவர் கணக்கிடுகிறார். மனித உருவம், குரல் என்று பிரித்து அறிய முடியாத அளவுக்கு அது தேய்ந்திருக்கிறது, ஆனால் அழியவில்லை. வேலைக்காரப் பெண் எதைக் கண்டு அந்தப் படிகளில் ஓடினாள் என்ற கேள்விக்கும், அவள் பிறப்பதற்கு முன்பே நடந்த பேயோட்டும் சடங்குக்கும் இதில் விடை இருக்கிறது. பிராக் கேட்கத் தயாராக இல்லை. ஆராய்ச்சி தோற்றுவிட்டது, மேலிடத்தில் மானம் போய்விட்டது, சலவை இயந்திரம் வடிவமைக்கும் போட்டியாளர் ஒருவருக்கு மாளிகையில் இடம் கொடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. ஜில்லுக்கு மனம் சரியில்லை என்று முடிவு கட்டி, விடுப்பில் போகும்படி சொல்லிவிடுகிறார்.

போவதற்கு முன் ஜில் கடைசியாக ஒருமுறை அந்த அறைக்குள் செல்கிறார். சுவரும் கூரையும் கரைந்துபோகின்றன. வடிவமில்லாத ஒளித் திரள்கள் அவரைச் சூழ்கின்றன. தப்புவதற்கு ஒரே வழியாகப் படிகள் மட்டும் இருக்கின்றன. அவற்றின் வழியே ஏறுகிறார். வேலைக்காரப் பெண் ஏறியதும் இப்படித்தான், அவளுக்கு முன்னால் யார் யாரோ ஏறியதும் இப்படித்தான் என்பது நமக்கு அப்போது உறைக்கிறது. மரண விசாரணையில் பிராக், ஜில் மனநிலை தடுமாறியவர் என்று சாட்சி சொல்லி, அவர் எழுதிவைத்த குறிப்புகளையும் அழித்துவிடுகிறார். பிறகு காலியான அந்த அறைக்குள் போய் நிற்கிறார். அலறல் எழுகிறது. இம்முறை குரல் ஜில்லுடையது. அழைக்கும் பெயர் பிராக்குடையது.

படத்தில் பிராக் மூன்று முறை பதிவை அழிக்கிறார். கல்லில் இருந்த அலறலை அறியாமல் அழித்தது முதலாவது. ஜில்லின் குறிப்புகளை அறிந்தே அழித்தது இரண்டாவது. ஜில் எப்படிப்பட்டவர் என்பதைத் தம் சாட்சியத்தால் அழித்தது மூன்றாவது. மற்ற இரண்டையும்விடக் கீழானது அதுவே. கடைசிக் காட்சியில் கல் அவருக்குத் தரும் பதில், தண்டனை என்று சொல்லக்கூடியதுகூட இல்லை. அதற்கு நோக்கமோ கோபமோ கிடையாது. அழிக்கப்பட்ட இடத்தில் புதிதாக ஒன்று பதிந்திருக்கிறது, அவ்வளவே. பழிவாங்கும் பேயாக இருந்தால் வேண்டிக்கொள்ளவாவது வழி இருந்திருக்கும்.

இந்தக் கதையை எழுதியவரின் படைப்புகளுக்கும் இதே கதி நேர்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படத்தின் கனம் கூடிவிடும். அந்தக் காலத்தில் வீடியோ நாடா விலை மிகுந்த பொருள். ஒளிபரப்பான நிகழ்ச்சிகளை அழித்துவிட்டு அதே நாடாவில் வேறு நிகழ்ச்சியைப் பதிவது பிபிசியில் அன்றாட நடைமுறை. ஒழுங்கான ஆவணக் காப்புக் கொள்கை 1970களின் பிற்பகுதியில்தான் வந்தது. குவாட்டர்மாஸ் வரிசையின் முதல் தொடர் 1953-இல் ஆறு பகுதிகளாக நேரலையில் ஒளிபரப்பானது. முதல் இரண்டு பகுதிகள் மட்டுமே பதிவாகி மிஞ்சியிருக்கின்றன. வண்ணத்தில் எடுக்கப்பட்ட அவருடைய 1968-ஆம் ஆண்டு நாடகம் ஒன்று இன்று கறுப்பு வெள்ளைப் பிரதியாக மட்டுமே கிடைக்கிறது. எல்லாவற்றிலும் பெரிய இழப்பு, 1963-இல் ஒளிபரப்பான 'தி ரோட்'. பதினெட்டாம் நூற்றாண்டில் நடக்கும் கதை அது. காட்டுப் பாதை ஒன்றில் இரவில் கேட்கும் ஓலங்களை ஆராய ஓர் அறிவியல் ஆர்வலர் கருவிகளோடு போகிறார். செத்தவர்களின் குரல்கள் என்று ஊரார் அஞ்சும் அந்த ஓலங்கள், வருங்காலத்தில் அணுகுண்டுத் தாக்குதலுக்கு அஞ்சி ஓடப்போகும் மக்களுடையவை என்பது முடிவில் தெரியவரும். கடந்த காலத்தைப் பதிந்த கல்லுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே, எதிர்காலத்தை எதிரொலிக்கும் காட்டை நீல் எழுதிவிட்டிருந்தார். அந்த நாடகத்தின் பதிவு இன்று இல்லை. எழுத்துப் பிரதி இருப்பதால் 2018-இல் வானொலி நாடகமாக மறுபடி தயாரித்தார்கள். பதிவை அழிப்பதைப் பற்றிய நாடகமான 'தி ஸ்டோன் டேப்'பின் நாடா மட்டும் அழிபடாமல் தப்பி, 2001-இல் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிட்யூட் வழியாக டிவிடியாகவும் வெளிவந்தது.

நீல் இந்தச் சூழலைக் கற்பனையில் மட்டும் படைக்கவில்லை. பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவு அப்போது சர்ரே மாவட்டத்தில் கிங்ஸ்வுட் வாரன் என்ற விக்டோரியா காலத்து மாளிகையில் இயங்கிவந்தது; அங்கே போய் வந்த அனுபவம் இந்தக் கதைக்கு அடித்தளம். படத்தில் டாஸ்கர்லாண்ட்ஸ் மாளிகையின் வெளிப்புறமாக நாம் பார்ப்பது அதே மாவட்டத்திலுள்ள ஹார்ஸ்லி டவர்ஸ். 1840களில் அது லவ்லேஸ் பிரபுவின் வீடு. அவருடைய மனைவிதான் ஏடா லவ்லேஸ், சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த பகுப்பாய்வு எந்திரத்துக்காக 1843-இல் வெளியிட்ட குறிப்புகளால் உலகின் முதல் கணினி நிரலாளர் என்று போற்றப்படுபவர். கதையில் கணினி நிரலாளரான ஜில் காரோட்டி வந்து இறங்குவது அந்த வாசலில்தான். படக்குழு இதை எண்ணிச் செய்ததாகத் தோன்றவில்லை. ஆனாலும் தெரிந்த பிறகு அந்தக் காட்சியை வேறு விதமாகத்தான் பார்க்க முடிகிறது.

ஏடாவின் நண்பரான அந்த பாபேஜிடமிருந்தே கல் கோட்பாட்டின் கதையையும் தொடங்கலாம். 1837-இல் அவர் எழுதிய நூல் ஒன்றில், நாம் பேசும் ஒவ்வொரு சொல்லும் காற்றின் துகள்களில் ஏற்படுத்தும் அசைவு முற்றாக மறைவதே இல்லை என்றும், ஆகவே காற்று முழுவதும் மனிதர் பேசிய பேச்சுகளின் பெருநூலகம் என்றும் வாதிட்டார். நடுக்கடலில் அடிமைகளை உயிரோடு தூக்கியெறிந்த கப்பல்காரனின் குற்றத்துக்கு நீரலைகளே சாட்சி என்பது அவர் தரும் எடுத்துக்காட்டு. பாபேஜ் சொன்னது இயக்கவியலின்படி. பின்னால் வந்தவர்கள் அதை ஆவியுலகப் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். பொருட்களைத் தொட்டால் அவற்றின் கடந்த காலம் மனத்தில் தெரியும் என்று அமெரிக்காவில் சிலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நூல்கள் எழுதினர். வில்லியம் டென்டன் அவர்களில் ஒருவர். 1961-இல் டி. சி. லெத்பிரிட்ஜ் என்ற தொல்லியலாளர், பேய்கள் என்பவை இடத்தில் பதிந்த பழைய காட்சிகளாக இருக்கலாம் என்று எழுதினார். இந்தச் சிந்தனைக்கு எல்லாரும் ஏற்ற பெயரைக் கொடுத்தது மட்டும் 1972-ஆம் ஆண்டின் இந்தப் படம். இன்று பேய் வேட்டைக்காரர்கள் 'ஸ்டோன் டேப் கோட்பாடு' என்று பழைய அறிவியல் கருத்தைப் போல மேற்கோள் காட்டுவது, ஒரு தொலைக்காட்சிக் கதையில் வரும் தோற்றுப்போன விஞ்ஞானியின் ஊகத்தைத்தான்.

உண்மை உண்டா என்ற கேள்விக்கு நேர் விடை: உணர்ச்சியையோ குரலையோ சுவர்க்கல் பதிந்து வைக்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, அதற்கான வழிமுறையும் இல்லை. குவார்ட்ஸ் கல்லை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். அழுத்தம் நீங்கினால் அதுவும் நீங்கிவிடும். அது நினைவாற்றல் ஆகாது. ஆனால் 'கல் ஒலிநாடா போன்றது' என்ற ஒப்புமை வேறொரு துறையில் நூற்றுக்கு நூறு பொருந்துகிறது என்பது வேடிக்கை. எரிமலைக் குழம்பு ஆறிக் கல்லாகும்போது அதிலுள்ள இரும்பு ஆக்சைடுத் துகள்கள் அந்தச் சமயத்துப் புவிக்காந்தத்தின் திசையில் நிலைத்துவிடுகின்றன. ஒலிநாடாவில் பூசுவதும் இரும்பு ஆக்சைடுதான். புவியின் காந்தத் திசை பலமுறை தலைகீழாகியிருப்பதால், கடலடித் தரை விரிந்துகொண்டே போகும்போது அதில் வரிவரியாகக் காந்தப் பட்டைகள் பதிந்திருக்கும் என்று 1963-இல் வைன், மேத்யூஸ் என்ற இருவர் விளக்கினர். கண்டங்கள் நகர்கின்றன என்பதை உலகம் ஏற்றுக்கொள்ள அது பெருங்காரணமாயிற்று. அந்த இரும்பு ஆக்சைடு வகைகளில் ஒன்றான மேக்னடைட்டின் துகள்கள் அப்படிப் பதிவதற்குக் கல் ஏறக்குறைய 580 டிகிரி செல்சியஸுக்கு மேலிருந்து ஆறி வர வேண்டும். ஒரு வேலைக்காரப் பெண்ணின் அச்சம் எவ்வளவு பெரியதானாலும் அந்தச் சூடு அதற்கு வராது.

படத்தின் சாயலில் நடந்த ஓர் உண்மை நிகழ்வையும் சொல்ல வேண்டும். விக் டாண்டி என்ற பொறியாளர், இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தாம் வேலை பார்த்த ஆய்வகத்தில் இனம்புரியாத அச்சத்தையும், கண்ணோரத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்றையும் உணர்ந்தார். வாள்வீச்சுப் பயிற்சி உள்ளவரான அவர், மறுநாள் தம் வாளைப் பிடிப்பானில் பொருத்திவைத்தபோது அதன் முனை தானாக அதிர்ந்தது. காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்று, காதுக்குக் கேட்காத 19 ஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வை அறை முழுவதும் நிரப்பியிருந்தது. விசிறியைச் சரிசெய்ததும் எல்லாம் நின்றது. 1998-இல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். அந்த விளக்கம் எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்பதில் பிறகு ஐயங்கள் எழுந்தன. என்றாலும், பிராக் செய்யத் தவறியதை அவர் செய்தார்: தமக்குத் தெரிந்ததை ஒதுக்காமல் அதன் காரணத்தைத் தேடிப் போனார்.

பார்க்கத் தகுந்ததா என்றால், தகுந்தது. ஆனால் சில குறைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிராக்கின் குழுவினர் ஓயாமல் கத்துகிறார்கள். முதல் அரை மணி நேரம் காது வலிக்கும். ஜப்பானியரைப் பற்றிய கேலிகள் இன்று முகம் சுளிக்கவைப்பவை. சலவை இயந்திரக்காரர் வரும் பகுதிகள் வேறொரு நகைச்சுவை நாடகத்திலிருந்து வழிதவறி வந்தவை போலத் தோன்றுகின்றன. கடைசியில் ஜில்லைச் சூழும் ஒளித் திரள்கள் எளிய ஒளிக்கலப்புத் தந்திரங்கள். திரையில் தெரிவதை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்தக் காட்சியைத் தாங்கிப் பிடிப்பது ஜேன் ஆஷரின் முகமும், நிகழ்ச்சிகளுக்கு மின்னணு ஒலிகளை உருவாக்கித் தந்த பிபிசியின் ரேடியோபோனிக் பட்டறையைச் சேர்ந்த டெஸ்மண்ட் பிரிஸ்கோ அமைத்த ஒலிகளும். மின்னணு ஒலி என்று பிரித்தறிய முடியாதபடி, கல்லின் உள்ளிருந்தே முனகல் எழுவது போல அவர் அமைத்திருக்கிறார். இந்தப் படத்தைக் கணினியின் சிறு ஒலிபெருக்கியில் பார்த்துவிட்டுப் பயமாக இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இதன் தாக்கத்தைத் தேடுவோர் ஜான் கார்பென்டரின் 1987-ஆம் ஆண்டுப் படமான 'பிரின்ஸ் ஆப் டார்க்னஸ்' பக்கம் போகலாம். விஞ்ஞானிகள் கருவிகளோடு ஒரு பழைய தேவாலயத்தில் கூடித் தீமையை அளக்கும் கதை அது. திரைக்கதைக்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயரே மார்ட்டின் குவாட்டர்மாஸ். 2015-இல் பிபிசி வானொலி 'தி ஸ்டோன் டேப்' கதையை மறுபடி ஒலி நாடகமாகச் செய்தது. இயக்கியவர் பீட்டர் ஸ்டிரிக்லண்ட், சிறு வேடம் ஒன்றில் ஜேன் ஆஷரும் குரல் கொடுத்தார். முதலில் படத்தைப் பார்த்துவிட்டு அதைக் கேட்பது நல்லது. படத்தைப் பார்க்கும்போது விளக்கை அணைக்காவிட்டாலும் பரவாயில்லை. காதில் நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கருவிகளின் இரைச்சலுக்குப் பின் எழும் கடைசி அலறலையும் அதற்கு அடுத்து வரும் வெற்று மௌனத்தையும் ஒலியளவைக் குறைக்காமல் கேளுங்கள்.